கொமாண்டோ நானாவும் ஒன்றையும் வெட்டாத கத்தியும்

உலகம் அழிகிற நாளில் உயிர் தப்புவதற்கு முழு ஆயத்தத்தோடு இருந்த மனிசன் கற்பிட்டிக் கரையிலேயே ஒருவர்தான். அவருக்கு ஒரு தேங்காய் உரிக்கத் தெரியாது.

பேர் என்ன என்று கேட்காதீர்கள். உம்மா வைத்த பேர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் கொமாண்டோ நானா. எங்கள் பக்கத்தில் மூத்த ஆம்பிளைகளை நானா என்போம், அது மரியாதை. கொமாண்டோ என்று முன்னால் ஒட்டினது மரியாதைக்கு இல்லை. அந்த வித்தியாசம் மனிசனுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்புவார்.

சண்டை நடந்த காலம் முழுக்க இவர் ஒரு சீனவெடிச் சத்தத்துக்கும் கட்டிலுக்குக் கீழே போனவர். நான் சொல்லவில்லை, அவருடைய மனைவி மைமூன் ராத்தா சொன்னது. சண்டை முடிந்து, நேவிக்காரன் பாஸ் கேட்பதை விட்டு, வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வந்த பிறகுதான் நானாவுக்கு வீரம் வந்தது. வந்தது என்ன, கட்டாரிலிருந்து பார்சலில் வந்தது.

அனுப்பினவன் மைமூன் ராத்தாவின் தம்பி. ஊருக்கு வந்த ஒருவனிடம் மச்சானுக்கென்று ஒரு கத்தி கொடுத்துவிட்டிருந்தான். கத்தி என்றால் நீங்கள் நினைக்கிற கத்தி இல்லை. மடிக்க ஏலாது. முழங்கை நீளம். கறுப்பு நிறம். அலகு என் சுண்டுவிரல் தடிப்பம். முதுகுப் பக்கம் அரிவாள் போலப் பல்லுப் பல்லாக இருந்தது. பிடியின் அடியில் ஒரு இரும்புக் கொம்பு, ஆபத்து நேரத்தில் கண்ணாடி உடைத்து வெளியே பாய. அவர் வேலை செய்த தீவில் கண்ணாடி வைத்த ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது.

பெட்டியை என்னிடம் கொண்டு வந்து நீட்டினார். "டீச்சர், இதில என்ன போட்டிரிக்கி என்டு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். டெக்டிகல், ரெஸ்கியூ, சர்வைவல்.

"அப்படியென்டா?"

"சண்டை புடிக்க. ஆக்களக் காப்பாத்த. காட்டுல தனியா மாட்டினா உசிரோட இரிக்க."

"மூணும் ஒரே கத்தியிலயா!" மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூன்று சொல்லையும் தஸ்பீஹ் ஓதுவது போல வாய்க்குள் ஓதிக்கொண்டே போனார். அன்றைக்கே நான் அந்தப் பெட்டியைக் களப்புக் கடலுக்குள் எறிந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் உச்சமுனைப் பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு கற்பிட்டியில். காலையில் போட்டில் களப்பைக் கடந்து போவதும் பள்ளி விட்டு அதே போட்டில் வருவதும்தான் வேலை. போட்டுக்காரன் அந்தோணி. நானும் ரிஸானா டீச்சரும் பள்ளிக்கூடத்துப் பகல் வாச்சரான இந்தக் கொமாண்டோவும் அவனுடைய நிரந்தரப் பயணிகள்.

கத்தியோடு ஒரு உறையும் வந்தது. அந்த உறையைத் தொடையில் கட்ட இரண்டு பட்டி. இரண்டு காலுள்ள களிசான் போடுகிறவனுக்குச் செய்த சாமான். எங்கள் ஆள் இடுப்பில் சுற்றுவது சாரன். விட்டாரா? சாரனுக்கு மேலாலேயே தொடையில் இறுக்கிக் கட்டினார். சாரன் ஒரு காலோடு ஒட்டிப்போயிற்று. ஒரு கால் ஒரு அடி வைத்தால் மற்றக் கால் அரை அடிதான் வரும். யானை துரத்தினாலும் தப்ப வைக்கும் கத்தி, நானாவை வாசலிலிருந்து மணி தொங்கும் இடம் வரைக்கும் ஓடவிடவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் பள்ளியில் இன்டர்வெல் பிந்தித்தான் விட்டது.

சரி, கட்டினதுதான் கட்டினார், அந்தக் கத்தியால் ஏதும் பிரயோசனம் உண்டா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அது ஒன்றையும் வெட்டாது. வெட்ட விடமாட்டார். மைமூன் ராத்தா ஒருநாள் பலாக்காய் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறா.

"பர்ஹானாட வாப்பா, இஞ்ச தாங்க பாப்பம் அந்தக் கத்திய."

"விசரா உனக்கு? இது சர்வைவல் கத்தி."

"அப்ப நாங்க தின்டு குடிச்சு உசிரோட இரிக்கிறது சர்வைவல் இல்லயா?"

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். பதில் இல்லாத இடமெல்லாம் முற்றத்துக்குப் போவது அவருடைய டெக்டிகல்.

விளையாட்டுப் போட்டி அன்று பிள்ளைகளுக்கென்று வத்தகப்பழம் வந்து இறங்கியது. வெட்டக் கத்தி இல்லை. பிரின்சிபல் சேர் சுற்றிப் பார்த்தார். கண் போய் நின்ற இடம் நானாவின் தொடை.

"வாச்சர், அதக் கொஞ்சம் எடுங்க."

"சேர், சீனித் தண்ணி பட்டா அலகு கெட்டிரும்."

பிரின்சிபல் பழத்தைத் தூக்கிக் கொடிக்கம்பத்துச் சீமெந்து மேடையில் ஒரே போடாகப் போட்டார். பிள்ளைகள் கையால் அள்ளித் தின்றார்கள். கொமாண்டோவும் தின்றார், வெட்கமே இல்லாமல் இரண்டாம் தரமும் கை நீட்டினார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மட்டும் மனம் இளகினார். குர்பானுக்கு மாடு அறுக்கவென்றால் தரலாம், நன்மை இருக்கிறது என்று உறையோடு கழற்றி அறுக்க வந்த லெப்பையின் கையில் கொடுத்தார். லெப்பை வெளியே எடுத்து, பெருவிரலால் அலகைத் தடவிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் அழுத்தித் தடவினார். விரலில் ஒரு கோடுகூட விழவில்லை.

"நானா, இதால அறுக்கப் போனா மாடு சிரிச்சே மௌத்தாகும். பிறகு அது ஹலாலுமில்ல."

ஊரே சிரித்தது. காரணம் வேறொன்றுமில்லை, வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் பூசித் துடைப்பாரே தவிர மனிசன் கத்தியைக் கல்லில் வைத்ததே கிடையாது. தீட்டினால் கறுப்பு நிறம் போய்விடுமாம். கூரில்லாத கத்தியை இப்படிக் குழந்தை குளிப்பாட்டுவது போலப் பார்த்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நேவிக்காரனிடம் மாட்டினால் புத்தி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். மாட்டினார். இறங்குதுறையில் ஒரு பெடியன் மறித்து, "மொகக்த மேக்க?", இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"ரெஸ்கியூ, மாத்தயா."

பெடியன் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கயிற்றுத் துண்டை நீட்டி, எங்கே வெட்டிக் காட்டு என்றான். நானா பணிவாகச் சிங்களத்தில் சொன்னார், இது சும்மா வெட்டுவதற்கில்லை மாத்தயா என்று. பெரியவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சாரனைப் பார்த்தான், பட்டியைப் பார்த்தான். இந்த ஆளால் நாட்டுக்கு ஒரு ஆபத்தும் வராது என்று விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கத்தியைத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சிரிப்பை நானா சலூட் என்று எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடக்கும்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. கலியாணம் முடித்து நெடுநாள் பார்த்திருந்து கிடைத்தது. முன்னம் ஒன்று ஆறாம் மாதத்தில் தவறிப்போனது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்ன வார்த்தை எனக்குள் முள்ளாகக் கிடந்தது. புருஷன் ரியாத்தில். லீவை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம் என்று மிச்சம் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினமும் போட் ஏறினேன். ஐந்து வக்துத் தொழுகையிலும் ஒரே துஆ. யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை உயிரோடு என் கையில் தா.

கொமாண்டோவுக்கு இந்த விஷயம் தெரிந்ததும் தொடங்கிவிட்டார். "டீச்சர், நீங்க பயப்படவே வேணாம். போட்டில ஒண்டு நடந்தா நான் இரிக்கேன். இது இரிக்கி." தொடையில் ஒரு தட்டு.

"இதால என்ன செய்வீங்க நானா?"

"ரெஸ்கியூ."

"அதுதான், என்ன செய்வீங்க?"

"அது அந்த நேரம் பாக்கணும் டீச்சர். இப்பவே சொல்ல ஏலா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொப்புள்கொடி வெட்டவும் ஏலும்" என்றார்.

"அல்லாவே! என்ட புள்ளைக்குக் கிட்ட அந்தச் சாமான் வந்தா உங்கட கைய முறிச்சுப் போடுவன்" என்றேன். ரிஸானா சிரித்துச் சிரித்துப் போட்டுக்குள் சரிந்தாள். இவர் கோபிக்கவும் இல்லை. கேலி பண்ணுகிற எங்களுக்குத்தான் அலுத்துப்போகும்.

இந்த இடத்தில் எங்கள் களப்பின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எவனுடைய வலையாக இருந்தாலும் வெட்டக்கூடாது. எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், எஞ்சினைத் தூக்கிவைத்து, குனிந்திருந்து, ஒவ்வொரு கண்ணியாக விரலால் கழற்ற வேண்டும். அரை நாள் போனாலும் போகட்டும். வெட்டுவதென்றால் வலைக்காரன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெட்டினவனோடு கரையில் ஒருத்தனும் கதைக்க மாட்டான், பள்ளிவாசலுக்குப் போகிறவனும் சரி, சேர்ச்சுக்குப் போகிறவனும் சரி. அதே போல, போட் ஓடுகிற வழியில் எவனும் குறுக்கே வலை போடக்கூடாது. வெட்டுவதற்கு வலையைத் தவிர ஒன்றுமே இல்லாத ஊரில், வலையை வெட்டக்கூடாது என்ற ஊரில், எங்கள் ஆள் முழங்கை நீளத்துக்குக் கத்தி கட்டிக்கொண்டு திரிந்தார்.

போட்டின் முன்முனையான அணியத்தில் ஏறி இருந்துகொண்டு தினமும் அவர் பயான், அதாவது பிரசங்கம், செய்வதும் இதைப் பற்றித்தான். "போட் ஓடுற வழியில வலை போடுறவன் மனிசனா? ஹராமி! ஒருநாளைக்கு மாட்டட்டும், ஒரே வெட்டு!"

"வெட்டிட்டு நீங்க ஊருக்குப் போயிருவீங்க நானா. நாளைக்கு இந்தக் களப்புல நான்தானே போட் ஓடணும்" என்பான் அந்தோணி. அந்தோணியின் போட்டில் முன்னம் ஒரு பழைய மீன் கத்தி கிடந்தது. துருப்பிடித்த சாமான், ஆருக்கும் பட்டால் விஷம் ஏறி ஏற்பு வரும், என்ட கத்தி இரிக்கும்போது இது எதுக்கு என்று சொல்லிச் சொல்லி அதையும் தூக்கி எறிய வைத்தவர் இந்த மகான்தான்.

அன்று காலை போட் பாதி வழி வந்திருக்கும். அணியத்திலிருந்த நானா திடீரென்று எழும்பிக் கையை ஆட்டினார்.

"அந்தோணி, இடப்பக்கம் எடு! இடப்பக்கம்! முன்னால மண்மேடு!"

"என்ன மேடு? நான் பொறந்ததுல இருந்து இதாலதானே போறன்."

"நேத்து வந்த மேடு. எடு என்டா எடேன்!"

அந்தோணி தலையில் அடித்துக்கொண்டு சுற்றிப் போனான். நாங்களும் சிரித்தோம். கொமாண்டோவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மேடு.

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. பென்சில் சீவுகிறோம் என்று பிள்ளைகள் கொண்டு வந்த அரை ரேசர் பிளேட்டுகளைப் பறித்து, தாளில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கப் போனேன். இடுப்பில் ஒரு வெட்டு. கதிரையைப் பிடித்தேன். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. எட்டாம் மாதம் முடியக்கூட இல்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலியால் இல்லை, பயத்தால்.

பிரின்சிபல் அந்தோணிக்கு ஆள் அனுப்பினார். ரிஸானா என்னைத் தாங்கிப் பிடித்தாள். கொமாண்டோ ஓடி வந்தார், அதாவது அந்த அரை அடி நடையில் வந்தார், வந்து எல்லாரையும் அதட்டினார். "வெலகுங்க, வெலகுங்க! டீச்சருக்குக் காத்து வரணும்!" நாலு பக்கமும் கடல், காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. இவர் காற்றுக்கு வழி விடச் சொல்கிறார்.

போட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். தலை ரிஸானாவின் மடியில். நானா அன்று அணியத்தில் ஏறவில்லை, என் பக்கத்தில் பின்னுக்குத் திரும்பி இருந்துகொண்டு வெயிலுக்குக் குடை பிடித்தார். அந்தோணி எஞ்சினை முறுக்கு முறுக்கென்று முறுக்கி நேராக விட்டான். கற்பிட்டிக் கரை தெரியத் தொடங்கின நேரம் எஞ்சின் கர்ர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

அந்தோணி எஞ்சினைத் தூக்கினான். விசிறி முழுக்க நைலோன் தங்கூசி வலை, கயிறு போலத் திரித்துச் சுற்றியிருந்தது.

"எந்த நாசமாப் போறவன் வழியில போட்டான்! புது வலை வேற!" நீல நிறத்தில் பழைய செருப்புத் துண்டுகளை மிதப்பாகக் கட்டியிருந்தது. அந்தோணி குனிந்து விரலால் கழற்றப் பார்த்தான். இறுகிப்போய் இருந்தது, ஒரு கண்ணிகூட அசையவில்லை. தெரிந்த வலைக்காரர் இரண்டு பேருக்குப் போன் எடுத்தான். இரண்டு பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். எனக்கு அடுத்த வலி வந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்தோணி போனைக் கீழே வைத்துவிட்டான்.

"வெட்டுவம். நாளைக்கு வலைக்காரன்ட கால்ல விழுந்தாலும் பரவாயில்ல. நானா, கத்தியத் தாங்க."

நானா தரவில்லை. இரண்டு கையாலும் உறையைப் பொத்திக்கொண்டு அந்த மிதப்புகளைப் பார்த்தபடி இருந்தார். குடை எப்போதோ சரிந்துவிட்டது.

என் வாய் சும்மா இருக்குமா? "அட மனிசா! அலகு கெட்டுப் போகும் என்டு பாக்கிறீங்களா? என்ட புள்ள சாகப் போகுது, உங்களுக்குக் கத்தி பெரிசா? பூசுங்க, எண்ணெய் பூசுங்க! இதுக்குத்தானே கட்டிக்கொண்டு திரிஞ்சீங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒரு டீச்சர் சொல்லக்கூடாதது எல்லாம் சொன்னேன். ரிஸானா என் வாயைப் பொத்தினாள்.

"அதில்ல டீச்சர்." அவருடைய குரலா என்று இருந்தது. "அந்தோணி, நீ வெட்டாத. அடுத்தவன்ட வலைய வெட்டினவன் என்ற பேர் உனக்கு வேணாம். வலைக்காரன் வெட்டட்டும்."

"வலைக்காரன் எங்க நானா?"

"நான்தான்."

காலையில் வந்த மண்மேடு என்னவென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நடுவழியில்தான் ஆழம், ஆழத்தில்தான் மீன். பள்ளி விட்டு வந்து ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று போட்டிருக்கிறார். மைமூன் ராத்தாவின் ஒரு சோடிக் காப்பு விற்ற காசு அந்த வலையில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பயான் செய்த வாய்க்கு வந்த கேடு! வலி மட்டும் இல்லாதிருந்தால் எழும்பி அவரைக் களப்புக்குள் தள்ளியிருப்பேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. அவரே பாய்ந்தார். தொடைப்பட்டி சாரனோடு இழுக்க, பக்கவாட்டில் விழுந்தார். எங்கள் களப்பின் ஆழமான இடத்திலேயே நெஞ்சளவு தண்ணீர்தான். எழும்பி நின்று, "பிஸ்மில்லாஹ்" என்று சத்தம் போட்டுக் கத்தியை உருவினார். அந்தக் கத்தியின் வாழ்நாளில் முதல் வெட்டு. ஓங்கிப் போட்டார். தங்கூசி வழுக்கிக்கொண்டு போனது. தேய்த்தார், தேய்த்தார், மழுங்கின அலகு வலைக்குக் கூச்சம் காட்டுகிற மாதிரி இருந்தது. கத்தியைத் திருப்பிப் பல்லுப் பக்கத்தால் அறுக்கப் பார்த்தார். அந்தப் பல்லு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கண்ணி போய்க் கொளுவிக்கொண்டது. இழுத்தார், இன்னும் கொளுவியது. கடைசியில் கெளுத்தி மீன் முள்ளோடு வலையில் மாட்டின மாதிரி அந்த டெக்டிகல் ரெஸ்கியூ சர்வைவல் கத்தி அவருடைய வலையிலேயே மாட்டித் தொங்கியது.

"டீச்சர்! வேற ஏதும் இரிக்கா டீச்சர்?" மனிசன் அழுதே விட்டார்.

நான் கைப்பையைக் காட்டினேன். ரிஸானா தாளைப் பிரித்து ஒரு அரை பிளேட்டைக் கொடுத்தாள். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு நூலாக அறுக்கத் தொடங்கினார். அடியில் சுற்றியிருந்ததை அறுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடுவார். மேலே வருவார். "இன்னும் கொஞ்சம் டீச்சர்." மறுபடியும் உள்ளே. "கொஞ்சம்தான் டீச்சர், இன்னும் கொஞ்சம்." பிளேட் வலையைப் பாதியும் விரலைப் பாதியும் வெட்டியது. அவரைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. ரெஸ்கியூ என்ற சொல்லை அன்று அவர் வாயால் நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நான் ரிஸானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா, அசைகிறதா என்று வயிற்றைத் தடவிக்கொண்டே கிடந்தேன். அசைந்தது.

கடைசி நூல் அறுந்ததும் வலை கத்தியையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தோணி கை கொடுத்துத் தூக்க, போட்டுக்குள் விழுந்தார். "எடு அந்தோணி! நேரா எடு!"

இந்தக் கதையை இப்போதும் கற்பிட்டித் தேத்தண்ணிக் கடைகளில் நீங்கள் கேட்கலாம், அவர் வாயாலேயே கேட்கலாம். ஆனால் அது வேறு கதை. அதில் வலை யாரோ ஒரு ஹராமியுடையது. கத்தி ஒரே வீச்சில் அதை இரண்டாக்குகிறது. போன வருஷத்திலிருந்து ஒரு சுறாவும் வருகிறது. அரை பிளேட் வராது. நம்பாதவர்கள் சிலர் என்னிடம் வந்து, உண்மையா டீச்சர் என்று கேட்கிறார்கள். ஓம், பெரிய சுறா என்று சொல்லிவிடுகிறேன். எனக்கென்ன செலவா? இது அச்சாகப் போகிற வாரப் பத்திரிகையை வாசிக்கிற ஆளும் அவர் இல்லை.

அவர் எங்கேயும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. கை அளவு. பிறந்ததும் அது போட்ட சத்தத்தில் நர்ஸ் சிரித்தா. எனக்கு அழுகை நிற்கவில்லை. உயிரோடு என் கையில் தந்தார்கள். ரியாத்திலிருந்து புருஷன் போனில் அழுதார். அவர் இருந்திருந்தால் பிறந்த பிள்ளையின் காதில் சொல்ல வேண்டிய பாங்கை, தொழுகை அழைப்பை, அவர்தான் சொல்லியிருப்பார். மாமி, அவருடைய உம்மா, அதற்குள்ளேயே பள்ளிவாசல் ஹஸரத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டா, அஸர் தொழுகைக்குப் பிறகு வருவாராம்.

வெளியே வராந்தாவில் கொமாண்டோ நின்றுகொண்டிருந்தார். ஈரச் சாரன். இரண்டு கையிலும் பண்டேஜ். அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு நர்ஸிடமும், "புள்ள அழுதிச்சா மிஸ்? சத்தமா அழுதிச்சா?" என்று கேட்டுக்கொண்டே நின்றாராம். ரிஸானா வந்து சொன்னாள். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வா, பாங்கு அவர் சொல்லட்டும் என்றேன்.

மாமி துள்ளி எழும்பினா. "அந்தக் கிறுக்கனா? ஆர் பாங்கு சொல்றாங்களோ அவங்கட குணம்தான் புள்ளைக்கு வரும், தெரியிமா உனக்கு?"

"தெரியும் மாமி."

வந்தார். கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹஸரத் வரட்டும் டீச்சர். நான் வழியில வலை போட்டவன்" என்றார்.

"தண்ணிக்குள்ள நிண்டு அத அறுத்ததும் நீங்கதான். வாங்க."

பண்டேஜ் கட்டின கைகளை நீட்டினார். பிள்ளையை வைத்தேன். காதுக்குக் கிட்டக் குனிந்தவர், வாயைத் திறக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பகிடி இல்ல, மெய்யாத்தான் கேக்கிறன். புள்ள என்னப் போல வந்திட்டா என்ன செய்ற?"

"வந்தா வரட்டும் நானா" என்றேன். "சொல்லுங்க."